அரசு ஆராய்ச்சிக்கு நோயாளி பணம் கட்ட வேண்டுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு நாலு வருடமாகப் பார்க்கின்சன் நடுக்க நோய். அரசு நிதியில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடக்குது, ஒன்றரை லட்சம் கட்டினால் சேர்த்துவிடுகிறேன் என்கிறார் ஒருவர். நகையை அடகு வைக்கலாமா?"

வேண்டாம்மா, தயவுசெய்து கட்டாதீர்கள்.

அரசு நிதி என்பது, ஒரு டாக்டர் ஆராய்ச்சித் திட்டம் எழுதி ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) மாதிரி அமைப்புக்கு அனுப்பி, நிபுணர் குழு அதை அலசி ஒப்புக்கொண்ட பிறகு, அந்தக் கல்லூரிக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோ போகிற பணம். ஆராய்ச்சிக்கான மருந்து, பரிசோதனை எல்லாம் அதில்தான் நடக்கணும். வழக்கமான சிகிச்சைக்கு மேல் ஆராய்ச்சிக்காக ஆகும் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறையே சொல்கிறது. பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல், அதாவது வேறு வகை செல்லாக வளரக்கூடிய மூல செல், இன்னும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே அதைக் கொடுப்பதே தவறு.

அந்த ஆளிடம் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் கேளுங்கள்; அது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிகளுக்கான அரசுப் பதிவேடு. 2009 ஜூன் முதல் மருந்து ஆராய்ச்சிகளை அதில் பதிவது கட்டாயம். எண்ணை இணையத்தில் போட்டால் நிதி யார் தருகிறார்கள், எந்த ஆஸ்பத்திரி, பொறுப்பு டாக்டர் யார், நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கிற நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா எல்லாம் தெரியும். எண் இருந்துவிட்டால் மட்டும் நம்பிவிடாதீர்கள், பதிவு வேறு, அனுமதி வேறு.

நிஜமான ஆராய்ச்சி என்றால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போய் யோசிக்க விடுவார்கள். பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு, நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண், இந்த மூன்றும் அதில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். அப்பாவுக்கு நிஜ மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை கிடைக்கவும் வாய்ப்பு உண்டு, அதையும் முன்கூட்டியே சொல்லணும். கை நடுங்கிக் கோணலாக விழுந்தாலும் அது அவர் கையெழுத்துதான், யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். பிடிக்கவில்லையென்றால் பாதியில் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது.

அப்புறம், எவர் சொன்னாலும் பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோப்பா மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள், உடம்பு விறைத்து ஆபத்தாகிவிடும். பழைய சீட்டுகளோடு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலோ சென்ட்ரல் எதிரே இருக்கிற அரசு பொது ஆஸ்பத்திரியிலோ நரம்பியல் ஓ.பி.க்குப் போய், "அப்பாவுக்குப் பொருந்துகிற ஆராய்ச்சி ஏதாவது நடக்குதா டாக்டர்?" என்று நேராகவே கேளுங்கள்.