பாடசாலை முன்னால் கமரா போன பிறகு

வணக்கம். ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் பிள்ளையின் பாடசாலை வாசலில் இருந்த வேகக் கமராவை (வேகமாக ஓடும் வாகனத்தைப் படமெடுத்துத் தண்டம் அனுப்ப உதவுவது) கழற்றிய பிறகு வாகனங்கள் மறுபடி பறக்கின்றன, அதைத் திரும்ப வைக்க நகரசபைக்கு மனுக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுத்தும் பயனில்லை. 2025 நவம்பர் 14 முதல் ஒன்ராறியோ மாகாணம் முழுவதும் இந்தக் கமராக்களுக்குத் தடை. அது மாகாணச் சட்டம், ரொறன்ரோ நகரசபையால் மீற முடியாது. அந்தக் கோரிக்கையை உங்கள் மாகாண உறுப்பினருக்கு எழுதுங்கள். சிக்கிட்ஸ் என்ற ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையின் ஆய்வையும் குறிப்பிடுங்கள்: ரொறன்ரோவில் பாடசாலை அருகே கமரா வைத்த இடங்களில் வேக எல்லையை மீறிய வாகனங்களின் விகிதம் 45% குறைந்தது. கமரா பணம் பறிக்கும் வேலை என்று மாகாண முதல்வர் டக் போர்ட் சொன்னது எனக்கு இன்றும் ஏற்கவே முடியாத வாதம். எல்லைக்குள் ஓட்டியவரிடம் அது ஒரு சதம்கூட வாங்கவில்லையே!

சரி, உடனே செய்யக்கூடியது வேறு. நகரசபையின் சேவைத் தொலைபேசி எண்ணான 311-க்கு அழைத்து அந்த வீதிக்கு வேகத்தடை மேடு கேளுங்கள். மேடு எந்த நேரமும் வேலை செய்யும், ஆனால் பெரிய வீதிகளிலும் பஸ் ஓடும் வீதிகளிலும் கிடைப்பது கடினம். அப்படியானால் வாகனத்தின் வேகத்தைக் காட்டும் மின்பலகையை உங்கள் நகரசபை உறுப்பினரிடம் கேளுங்கள். பொலிசார் கையில் ரேடாருடன் நின்று தண்டம் எழுதத் தடையில்லை. அந்த வீதி சமூகப் பாதுகாப்பு வலயமென்று (பாடசாலை போன்ற இடங்களுக்கு அருகே பலகை வைத்து அறிவிக்கும் பகுதி) அறிவிக்கப்பட்டிருந்தால் தண்டம் இரட்டிப்பு. எந்த நேரம், எந்தத் திசையில் வேகம் அதிகம் என்று குறித்துப் பொலிசாரிடம் கொடுங்கள். மற்றப் பெற்றோரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.