‘பாப்பா ஃப்ரீ’ என்றால் எது ஃப்ரீ?

கேள்வி: அக்கா, நானும் கணவரும் ஹட்டனில் ஆசிரியர்கள். எங்கள் குடும்பத்தில் வெளிநாடு போனவர்கள் எல்லாரும் வேலைக்குத்தான் போனார்கள். அம்மாவும் இரண்டு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தார். விமான நிலையத்தையும் அந்த வீட்டையும் தவிர எதையும் பார்க்காமல் திரும்பி வந்தார். இப்போது சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கிறது. டிசம்பர் லீவில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போக ஆசை. ஓர் ஏஜென்சி 3 இரவு, 4 நாள் பெக்கேஜ் சொல்கிறது. எட்டு இடங்கள், காலைச் சாப்பாடு, வேன், எல்லாம் சேர்த்து ஒரே விலை, ‘பாப்பா ஃப்ரீ’. பாப்பாவுக்கு இப்போது 7 மாதம், போகும்போது 10 மாதம் ஆகியிருக்கும். இந்த வாரமே முற்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இந்த வாரம் கட்ட வேண்டாம். பயணம் கட்டாயம் போங்கள், அம்மாவைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஆனால் அந்தப் பெக்கேஜ் கைக்குழந்தை இல்லாத ஆட்களுக்குப் போட்ட கணக்கு. விலை எட்டு இடங்களுக்கு. பத்து மாதப் பிள்ளையோடு ஒரு நாளைக்கு ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு. மீதிக்குக் கொடுக்கும் காசு வீண்.

முதலில் அந்த ‘ஃப்ரீ’யைப் பார்ப்போம். 2 வயது நிறையாத பிள்ளை உங்கள் மடியில் உட்கார்ந்து பறந்தாலும் அதற்கும் டிக்கட் உண்டு. பொதுவாக பெரியவர் கட்டணத்தில் பத்து வீதமளவு, அதற்கு மேல் வரி. தனி ஆசனம் கிடையாது. அப்படியானால் எது ஃப்ரீ என்று கேட்டால், பெரும்பாலும் ஹோட்டல் அறையையும் நுழைவுச்சீட்டையும் காட்டுவார்கள். யார் மூலம் போனாலும் கைக்குழந்தைக்கு அவை பெரும்பாலும் இலவசம்தான். கார்டன்ஸ் பை த பே பூங்காவின் குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்களிலும் மிருகக்காட்சிசாலையிலும் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காசு வாங்குவதில்லை. எம்.ஆர்.டி ரயிலில் 0.9 மீட்டர் உயரத்துக்குட்பட்ட பிள்ளை பெரியவரோடு சும்மா போகலாம். ஆகவே ஏஜென்சிக்காரர் தன் கையிலிருந்து எதையும் தரவில்லை. பாப்பாவின் டிக்கட்டும் வரியும் இந்த விலைக்குள் இருக்கிறதா, இல்லை பிறகு கேட்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கூடவே இன்னொன்று: விமானத்தில் முன் சுவரில் மாட்டும் சின்னத் தொட்டில், பேசினெட் என்பார்கள். அது சில ஆசனங்களுக்கு முன்னால்தான் இருக்கும், நிறை வரம்பும் உண்டு. டிக்கட் போடும்போதே கேட்டால்தான் கிடைக்கும். நான்கு மணித்தியாலம் மடியிலேயே வைத்திருந்தால் இறங்கும்போது உங்கள் கை மரத்துப் போயிருக்கும்.

அடுத்தது நேரம். பெக்கேஜ் போடுகிறவர்கள் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னால். ‘காலை 8 மணிக்கு வேன் வரும்’ என்று அட்டவணையில் இருந்தால், பாப்பாவின் உடம்புக்கு அது விடிகாலை ஐந்தரை. அரைத் தூக்கத்தில் எழுப்பி, முகம் கழுவி, சாப்பாடு ஊட்டி வேனில் ஏற்றிப் பாருங்கள், அன்றைக்கு முழுக்க அழுகைதான். சாயங்காலம் இதற்கு நேர்மாறு. கார்டன்ஸ் பை த பேயில் அந்த உயரமான இரும்பு மரங்களில் விளக்கும் இசையுமாக நடக்கும் காட்சி 7.45க்கும் 8.45க்கும். பாப்பாவுக்கு அது மாலை ஐந்தேகால், ஆறேகால், நல்ல விழிப்பாக இருக்கும் நேரம். அதைப் பார்க்கக் காசும் இல்லை. நாலு நாள் பயணத்துக்காகப் பிள்ளையின் தூக்கத்தை மாற்றப் போராடாதீர்கள், ஹட்டன் நேரத்திலேயே இருக்கட்டும். காலையில் பத்து மணிக்கு மேல் நிதானமாக வெளியே வாருங்கள், வெயில் உறைக்கும் மத்தியானத்தில் அறையில் தூங்குங்கள், இரவு ஒன்பதரை வரை சுற்றுங்கள். வேன் அட்டவணை இதற்கு இடம் தராது. அதனால்தான் விமான டிக்கட்டையும் ஹோட்டலையும் மட்டும் வாங்கினால் போதும் என்கிறேன்.

ஹோட்டலில் ஒரு பொறி இருக்கிறது. என் மகன் 11 மாதமாக இருந்தபோது நானே அதில் விழுந்தேன். இங்கிருந்து நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் விமானம், காலை ஏழரைக்கு ஹோட்டல் வாசலில் நிற்கிறோம். அறை மூன்று மணிக்குத்தான் என்றார்கள். பணம் வாங்கிய ஏஜென்சி அதைச் சொல்லவே இல்லை. வரவேற்பறைச் சோபாவில் சூட்கேஸைப் படுக்கவைத்து, அதன்மேல் துவாயை விரித்து பேம்பர்ஸ் மாற்றினேன். அறை கிடைத்தபோது ‘முதல் நாள்’ முடிந்துபோயிருந்தது. நாலு நாள் என்பது உண்மையில் மூன்று நாளாகிவிட்டது. ஆகவே விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது, அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும், இரண்டையும் கேளுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் பகல் விமானம் பாருங்கள், அல்லது முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுங்கள். எட்டு இடத்தில் நாலைக் குறைத்தால் அந்தக் காசு இதற்குப் போதும்.

எதைக் குறைப்பது? பெரிய சவாரிப் பூங்காவை முதலில் எடுங்கள். அங்கே பல சவாரிகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. ஒருவர் ஏற, ஒருவர் பிள்ளையோடு வெளியே நிற்க, அம்மா வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க நாள் போய்விடும். வைத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கண்ணாடிக் கூடங்கள். அதில் ஒன்று மலைக்காட்டு மூடுபனியைச் செயற்கையாக உண்டாக்கி வைத்த இடம். நமக்கு எதற்கு, வாசலைத் திறந்தால் மூடுபனிதானே என்று நினைப்பீர்கள். ஆனால் வெளியே 31, 32 பாகையில் வேர்த்துக் களைத்த மலைநாட்டுப் பிள்ளைக்கு அதன் உள்ளே போனதும் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். சாங்கி விமான நிலையத்தோடு ஒட்டியிருக்கும் ஜுவல் கட்டடத்தின் உள்ளே 40 மீட்டர் நீர்வீழ்ச்சி இருக்கிறது. நம் டெவோன் நீர்வீழ்ச்சி 97 மீட்டர், ஆனாலும் கூரைக்குள் அவ்வளவு தண்ணீர் வட்டமாகக் கொட்டுவது வேறு அழகு. பார்க்கக் கட்டணம் இல்லை.

இனி ஏன் முற்பணத்தை நிறுத்திவைக்கச் சொன்னேன் என்பது. பாப்பாவுக்குத் தனிக் கடவுச்சீட்டு வேண்டும், அதற்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். நம் பகுதியில் இதில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். பிறப்புச் சான்றிதழில் தாத்தா பெயர் ஒரு எழுத்தில், அப்பாவின் அடையாள அட்டையில் வேறு எழுத்தில், அம்மாவின் பழைய கடவுச்சீட்டில் மூன்றாவது விதமாக. டிக்கட்டில் இருக்கும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பிறகு திருத்தப் போனால் காசு, சில டிக்கட்டுகளில் திருத்தவே முடியாது. கண்டியில் உள்ள பிராந்தியக் காரியாலயத்தில் முதலில் கடவுச்சீட்டு வேலையை முடியுங்கள். நான்கு கடவுச்சீட்டும் கையில் வந்து, மேசையில் பரப்பிவைத்து, அதைப் பார்த்தே பெயர் கொடுங்கள். திரும்பி வரும் நாளுக்கு மேலும் 6 மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். நீங்கள் இருவரும் அரசாங்க ஆசிரியர்கள் என்றால் வெளிநாடு செல்ல லீவு அனுமதியும் எடுக்க வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும்.

சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்குச் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. ‘விசா ஏற்பாட்டுக் கட்டணம்’ என்று பில்லில் ஒரு வரி இருந்தால், அது எதற்கு என்று கேளுங்கள். எஸ்.ஜி. அரைவல் கார்ட் என்ற படிவம் மட்டும் உண்டு. போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், பாப்பாவுக்கும் தனியாக ஒன்று. அது முழுக்க இலவசம். தேடினால் முதலில் வருவது காசு கேட்கும் தனியார் தளமாக இருக்கலாம். வங்கி அட்டை எண் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள், சிங்கப்பூர் குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்புங்கள்.

அம்மாமார் என்னிடம் அதிகம் கேட்பது காதைப் பற்றித்தான். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் மலையில் இருப்பதைப் போல இருக்கும். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே பிள்ளை வளர்க்கும் தாய்மார் தினமும் சுவாசிக்கும் காற்றுதான் அது, பயப்பட ஒன்றுமில்லை. தொந்தரவு இறங்கும்போதுதான். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போது நமக்கே காது அடைக்கிறதே, அதேதான். விமானம் தரையைத் தொடுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். அப்போது பாப்பா எதையாவது விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும்: தாய்ப்பால், சூப்பிப் போத்தல், அல்லது வெறும் சூப்பி. மலையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இறங்கும் வேன் பயணத்திலேயே ஒத்திகை பார்த்துவிடலாம். சளி, காது வலி இருந்தால் கிளம்பும் முன் டொக்டரிடம் காட்டுங்கள். 9 மாதத்தில் கிளினிக்கில் சின்னமுத்து முதலியவற்றுக்குப் போடும் எம்.எம்.ஆர் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். போட்டு ஒரு வாரம் பத்து நாளில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், அந்த நாட்களில் பயணம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால்மா, நாலு நாளுக்கும் இங்கே குடிக்கும் அதே வகை. பிள்ளைக்கு வேண்டிய பாலும் தண்ணீரும் 100 மில்லிலீட்டர் கட்டுப்பாட்டுக்குள் வராது, சோதனையில் எடுத்துக் காட்டினால் போதும். பேம்பர்ஸ் இரண்டு நாளுக்கு மட்டும், மீதியை அங்கே வாங்கலாம். கம்பளித் தொப்பியை வீட்டில் வையுங்கள். பயணக் காப்புறுதி எடுங்கள், பாப்பாவின் வயதுக்கு அது செல்லுமா என்று பத்திரத்தில் பாருங்கள். அங்கே டெக்சி என்றால் குழந்தை ஆசனம் கட்டாயமில்லை. செயலியில் கூப்பிடும் தனியார் கார்களில் 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்கு அது கட்டாயம்.

அம்மாவுக்காக ஒன்று. லிட்டில் இந்தியாவில் இருக்கும் டெக்கா சந்தைப் பக்கம் ஒரு காலை வேளையை எந்தத் திட்டமும் போடாமல் விடுங்கள். அங்கே தமிழ் அரச மொழி, அறிவிப்புப் பலகையில் இருக்கும், கடைக்காரர் பேசுவார். அம்மா தானே விலை கேட்டு, தானே இட்லி வாங்கி, அதைப் பிய்த்துப் பேத்திக்கு ஊட்டட்டும்.

கேள்வி: தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் மலேசியா பயணத்துக்கு முற்பணம் கட்டினோம். பிள்ளைக்கு டெங்கு வந்து, போக முடியாது என்று முன்கூட்டியே சொன்னோம். ‘திருப்பித் தர முடியாது’ என்கிறார்கள். துண்டுக் காகிதத்தில் தொகையும் கையெழுத்தும் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: பிள்ளை தேறிவிட்டதா? அதுதான் முதலில்.

அந்தத் துண்டை எறிந்துவிடாதீர்கள். வங்கி மூலம் போட்டிருந்தால் அந்தப் பதிவையும், வட்ஸ்அப்பில் பேசிய செய்திகளையும் அச்செடுத்து வையுங்கள். ‘திருப்பித் தரமாட்டோம்’ என்ற நிபந்தனையைக் காசு வாங்கும் முன் உங்களுக்குக் காட்டினார்களா? காட்டவில்லை என்றால் அதையே உங்கள் வாதமாக வையுங்கள். உங்களுக்காக டிக்கட் எடுத்துவிட்டோம் என்று சொன்னால், டிக்கட்டின் பிரதியைக் கேளுங்கள். எடுக்காத டிக்கட்டுக்கு அவர்கள் நட்டம் சொல்ல முடியாது. முதலில் ஏஜென்சிக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, அழைப்பு எண் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், மூன்று மாதக் காலக்கெடுவும் உண்டு. ஆகவே ‘அடுத்த மாதம் வாங்க’ என்று அவர்கள் இழுத்தடிப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர் கேட்டால் முறையான பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இனி எங்கே காசு கொடுத்தாலும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பயணத்துக்காக ஸ்ட்ரோலர், பிள்ளையை வைத்துத் தள்ளும் வண்டி, வாங்கலாமா? பண்டாரவளையில் பார்த்தவை எல்லாம் பாரமாக இருக்கின்றன.

பதில்: அந்தப் பாரமானவை வேண்டாம். நம் ஊர்ப் படிக்கட்டிலும் ஏற்றத்திலும் அவற்றை ஒரு நாளும் பாவிக்க மாட்டீர்கள். போய் வந்த யாரிடமாவது குடைபோல மடங்கும் இலேசான ஒன்றை இரவல் கேளுங்கள். பிள்ளை படுத்துத் தூங்கும்படி முதுகு சாய்கிறதா என்று மட்டும் பாருங்கள். விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஒப்படைக்கப் பெரும்பாலான விமானங்களில் விடுவார்கள். ஆனால் எந்த வாசலில் திரும்பத் தருவார்கள் என்று கொடுக்கும்போதே கேளுங்கள், சில இடங்களில் பெட்டிகளோடுதான் வரும். ஹோட்டலில் குழந்தைக் கட்டில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சேலைத் தொட்டிலில் தூங்கிப் பழகிய பிள்ளை அந்தக் கட்டிலில் முதல் இரவு அழும். வீட்டில் தொட்டில் கட்டிய அதே நூல் சேலையைத் துவைக்காமல் மடித்துக் கொண்டுபோய்க் கீழே விரியுங்கள்.