கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

சின்ன வயதில் ‘டிராகன் பால்’ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவன் நான். அதை ஆட்களை வைத்து ஹாலிவுட்டில் எடுத்த படத்தைப் பார்த்த நாளிலிருந்து இந்த வகைப் படங்கள் பக்கமே போவதில்லை. விக் வைத்து, கலர் கலராக உடை மாட்டி, பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கிறது. என் மகளோ நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஒன் பீஸ்’ தொடரை விரும்பிப் பார்க்கிறாள். வரைந்த கதையை வரைந்தபடியே விட்டுவிடக் கூடாதா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

2009இல் வந்த அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கதாநாயகன் கோகுவைக் கொண்டுபோய் அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் மாணவனாக உட்கார வைத்தார்கள். திரைக்கதை சரியில்லை என்று எச்சரித்தும் கேட்கவில்லை என மூலப் படைப்பாளி அகிரா தொரியாமாவே பிற்பாடு சொன்னார். அதை எழுதிய பென் ராம்சே 2016இல் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். சரி, அந்தப் படத்தை விட்டுவிடுவோம்.

ஆனால் விக்கும் உடையும்தான் கெடுக்கின்றன என்பதை நான் ஏற்கவில்லை. மாங்கா, அதாவது கட்டம் கட்டமாக வரைந்த ஜப்பானியச் சித்திரக்கதை, படிக்கும்போது நேரம் நம் கையில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் வாள் ஓங்கப்படுகிறது, அடுத்த பக்கத்தில் எதிரி விழுந்து கிடக்கிறான். நடுவில் நடந்ததை நம் கண்ணும் மனசும் சேர்ந்து நிரப்பிக்கொள்கின்றன. ஒரு முகத்தை அரை நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்கலாம், வேண்டாமென்றால் தாண்டிப் போகலாம். சினிமா அந்த நேரத்தை நம் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொண்டு அதை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

‘ருரோனி கென்ஷின்’ படங்களைப் பாருங்கள். கெய்ஷி ஓட்டோமோ இயக்கிய ஐந்து படங்கள், 2012 முதல் 2021 வரை வந்தவை. இனி யாரையும் கொல்வதில்லை என்று முடிவெடுத்தவன் கென்ஷின். அதனால் அவன் வாளில் கூர்ப்பக்கம் தன்னை நோக்கி இருக்கும், மழுங்கிய முதுகுப்பக்கம் எதிரியை நோக்கி இருக்கும். மாங்காவில் அவன் வேகம் வெறும் கோடுகள். படத்தில் அந்த வேகத்தை ஒரு மனித உடம்பு காட்டியாக வேண்டும். சண்டைக்காட்சிகளை அமைத்த கென்ஜி தனிகாகி, ஹாங்காங்கில் சண்டைப்பட நடிகர் டானி யென்னுடைய குழுவில் வேலை பார்த்தவர். அவர் கையில், கென்ஷினாக நடித்த தாகேரு சாத்தோ ஓடும் ஓட்டம் இருக்கிறதே, திரும்பும் இடத்தில் உடம்பு தரையை ஒட்டிச் சாய்கிறது, கால் சறுக்குகிறது, புழுதி கிளம்புகிறது. அந்தச் சறுக்கலில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அவன் தலைமுடி என்ன நிறம் என்பது அப்புறம் என் கண்ணில் படவே இல்லை.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக்கின் ‘ஓல்ட் பாய்’ (2003) ஒரு ஜப்பானிய மாங்காவிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அவர் கதாநாயகனின் சிறைவாசத்தைப் பத்து வருடத்திலிருந்து பதினைந்தாக்கினார், ஏன் அடைத்தார்கள் என்ற காரணத்தையே மாற்றினார். ஒருவனைக் காரணம் சொல்லாமல் பூட்டி வைத்த அந்த முடிச்சை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். அது போதுமாயிருந்தது.

உங்கள் மகள் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘ஒன் பீஸ்’ தொடரில் அந்த மாங்காவை வரைந்த எய்ச்சிரோ ஓதாவே உடனிருந்தார், தனக்குத் திருப்தி வராமல் வெளிவராது என்று அறிவித்துவிட்டுத்தான் 2023இல் விட்டார். கதாநாயகன் லூஃபியின் ரப்பர் கை நீளும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்துகிறதுதான். ஆனால் அவனாக நடிக்கும் இன்யாகி கோடோய் சிரிக்கும்போது அது லூஃபியின் சிரிப்பேதான்.

வாளும் மந்திரமும் இல்லாத மாங்காக்களும் படமாகின்றன, நீங்கள் அவற்றிலிருந்து தொடங்கலாம். அகிமி யோஷிதாவின் ‘உமிமாச்சி டயரி’ 2006இல் தொடங்கி 2018 வரை தொடராக வந்தது. அது முடிவதற்குள்ளேயே, 2015இல், ஹிரோகாசு கொரே-எடா அதைப் படமாக்கிவிட்டார். ஆங்கிலத்தில் ‘அவர் லிட்டில் சிஸ்டர்’ (Our Little Sister). காமகுராவில் பழைய வீடொன்றில் மூன்று அக்கா தங்கைகள். என்றோ விட்டுப்போன அப்பாவின் சாவுக்குப் போகிறார்கள். அங்கே அவருடைய இன்னொரு மகள் சுசு, பள்ளியில் படிக்கும் பெண், எல்லாப் பொறுப்பையும் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறாள். வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வருகிறாள். ரயிலில் ஏறியபிறகுதான் மூத்தவள் கேட்கிறாள், எங்களோடு காமகுராவுக்கு வந்துவிடுகிறாயா என்று. யோசித்துச் சொல் என்கிறாள். கதவு மூடப்போகிறது. சுசு “வருகிறேன்” என்று சொல்லிவிடுகிறாள். ரயில் நகர்கிறது, அவள் பிளாட்பாரத்தில் கூடவே ஓடுகிறாள்.

கதவு மூட எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் அவளுக்கு. நமக்கும் அவ்வளவுதான். இதைப் பக்கம் புரட்டிப் புரட்டி நம் இஷ்டத்துக்குப் படித்திருந்தால் அந்த ஒரு கணம் என் தொண்டையை இப்படி அடைத்திருக்குமா, தெரியவில்லை. இந்த வாரம் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.