தடைக்காலம் முடிந்ததும் பிக்அப் மைலேஜ் குறைகிறதா? இன்ஜெக்டரில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் இருந்து மதுரைக்கு மீன் லோடு அடிக்கிறேன். ஒன்றரை டன் டீசல் பிக்அப், பிஎஸ்6 வண்டி. வாங்கும்போது லிட்டருக்கு 17 கிடைக்கும் என்றார்கள். பங்குனி வரை போக வர 13 கிடைத்தது. மீன்பிடித் தடைக்காலம் முழுக்க வண்டி வீட்டு வாசலில் நின்றது. ஆனியில் திரும்ப ஓட்ட ஆரம்பித்ததில் இருந்து 11ஐத் தாண்டவில்லை. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மைலேஜ் எப்போது குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் அந்த 17ஐ மறந்துவிடுங்கள். அது ஆய்வுக்கூடத்தில் வண்டியின் சக்கரங்களை உருளைகள் மேல் ஓடவிட்டு, ஒரே மாதிரி வேகக் கணக்கில் எடுக்கும் எண். இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு வாங்க உதவும். முழு லோடும் ஐஸும் ஏற்றி, எதிர்க்காற்றில் உச்சிப்புளி தாண்டிப் போகிற வண்டிக்கு அந்த எண் பொருந்தாது. உங்கள் வண்டிக்கு அளவுகோல் உங்கள் பழைய 13தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது முடியும்போது இங்கே கச்சான் காற்று நன்றாக எழுந்திருக்கும். மண்டபத்தில் இருந்து மேற்கே போகிறீர்கள், காற்றும் மேற்கில் இருந்துதான் வருகிறது. ராமநாதபுரம் வரை ஏறக்குறைய நேர் எதிரில், அதற்குப் பிறகு இடது பக்கமாக அடிக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் கூடும். 60இல் போகும் வண்டிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வந்தால், காற்றைப் பொறுத்தவரை அது 90இல் ஓடுகிறது. எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. அதே காற்றில் 80இல் போனால், 60இல் போவதைவிட அதுவும் ஒன்றரை மடங்காகிவிடும். மீன் பெட்டியை கேபின் உயரத்துக்கு மேல் அடுக்கி, தார்ப்பாயையும் படபடவென்று அடிக்க விட்டால் கேட்கவே வேண்டாம். லோடு இருக்கும்போதுதான் எதிர்க்காற்று. காற்று முதுகில் தள்ளும் நேரத்தில் வெறும் வண்டியாகத் திரும்புகிறீர்கள். அதனால் போக வரச் சேர்த்துப் போடும் கணக்கில் உண்மை தெரியாது.

அதனால் இரண்டையும் பிரித்து அளந்து பாருங்கள். மண்டபத்தில் லோடு ஏற்றிய பிறகு டேங்கை நிரப்புங்கள், நாசில் தானாக முதல் முறை நிற்கும் இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். டீசல் நுரைக்கும், அதனால் மெதுவாக விடச் சொல்லுங்கள். மதுரையில் லோடு இறக்கியதும் அதே மாதிரி நிரப்பி, கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதுங்கள். திரும்பி வந்து மண்டபத்தில் அதே பெட்ரோல் பங்கில் இன்னொரு முறை. நிரப்புவதில் அரை லிட்டர் முன்னே பின்னே போனாலே கணக்கு 4 சதவீதம் மாறும், ஒரு நடையை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஐந்து நடை பாருங்கள். இன்னொன்று: லோடோடு 10, வெறும் வண்டிக்கு 14 என்றால் சராசரி 12 அல்ல. போக 150, வர 150 என்று வைத்தால் 15 லிட்டரும் 10.7 லிட்டரும் செலவு. 300ஐ 25.7ஆல் வகுத்தால் 11.7தான்.

அடுத்தது எடை. தடை நீங்கிய முதல் வாரங்களில் மீன் அதிகம், ஆசையில் பெட்டியும் அதிகம் ஏறும். பலரும் மீனின் எடையை மட்டும் கணக்கு வைப்பார்கள். இந்த வெயிலில் மீன் அளவுக்கே ஐஸும் போடுகிறோம் என்பது நினைவிருக்கட்டும். ஒரே ஒரு முறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.

நான் அதிகம் சந்தேகப்படுவது பிரேக்கைத்தான். உப்புக்காற்றில் இரண்டு மாதம் ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்ற வண்டி அது. கீழக்கரையில் இதே மாதிரி ஒரு பிக்அப்பை என்னிடம் காட்டினார்கள். பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவந்து நிறுத்தச் சொன்னேன். நாலு சக்கரத்தின் நடுவிலும் தொடாமல், புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனேன். மூன்றில் வெதுவெதுப்பு. வலது பின்சக்கரத்தில் கை வைக்க முடியாத அனல், கருகிய வாடை. பிரேக் டிரம்மைக் கழற்றினால் துரு பொலபொலவென்று கொட்டியது. ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே இறுகி, பிரேக் கட்டை டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. உங்கள் வண்டியிலும் ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறதா என்று பாருங்கள். ஐஸ் தண்ணீர் சொட்டுவது பின்பக்கம் என்பதால் அங்கேதான் துரு சீக்கிரம் பிடிக்கும். அடுத்த தடைக்காலத்தில் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

டயரில் காற்று, நின்ற வண்டியில் கட்டாயம் குறைந்திருக்கும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள், முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். காற்று ஃபில்டரில் மணல் அடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

உங்களுடையது பிஎஸ்6, அதாவது கடுமையான புகை விதிப்படி வந்த வண்டி என்பதால் டிபிஎஃப் பற்றியும் சொல்ல வேண்டும். புகைக்கரியைப் பிடித்துவைத்து, நிறைந்ததும் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலவழித்து எரிக்கும் வடிகட்டி அது. கரையில் ஏலம் முடியும்வரை வண்டியை ஸ்டார்ட்டிலேயே வைத்திருந்தால் கரி சேரும், அடிக்கடி எரிக்க வேண்டிவரும். சும்மா நிற்பதற்கே மணிக்கு அரை லிட்டரில் இருந்து ஒரு லிட்டர் வரை போய்விடும். கரி எரியும்போது நடுவில் எஞ்சினை நிறுத்தினால் எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் குறையாமல் ஏறியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

வேகத்தைப் பற்றி ஓட்டுநர்களிடம் சொன்னால் மீன் கெட்டுவிடும் என்பார்கள். 150 கிலோமீட்டருக்கு 80க்கும் 65க்கும் கணக்குப்படி 26 நிமிடம்தான் வித்தியாசம். பரமக்குடி வரை இரு வழிச் சாலையில் முந்தி முந்திப் போய், பிரேக் அடித்து, அந்த 26 நிமிடம்கூட முழுதாக மிச்சமாவதில்லை. (பரமக்குடி–ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அது முடிந்தால் இந்தத் தொல்லை குறையும்.) முடிந்தால் காற்று தணிந்த இரவிலோ விடியலிலோ கிளம்புங்கள். பெட்டிகளை கேபின் உயரத்துக்குக் கீழே அடக்கி, தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள்.

அப்புறம், படகுக்கு வரிவிலக்கில் வரும் டீசலை வண்டிக்கு ஊற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சட்டப்படி தப்பு. அதோடு கரையில் டிரம்மில் கிடக்கும் டீசலில் தண்ணீர் சேர்ந்திருக்கும், நல்ல இன்ஜெக்டரும் அதனால் போகும்.

இன்ஜெக்டர் கெட்டிருந்தால் மைலேஜ் மட்டும் குறையாது. காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும், ஐடிலில் குலுங்கும், தட்டும் சத்தம் கேட்கும், புகை வரும். இதில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஆனால் கழற்றுவதற்கு முன்னால் ஸ்கேனர் போட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் வண்டியின் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் குறைக்கும் திருத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், ரிட்டர்ன் லைனில் எந்த இன்ஜெக்டர் அதிக டீசலைத் திருப்பி விடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இன்ஜெக்டரைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் பொருளை மணல் பறக்கும் ஷெட்டில் பிரித்தால் ஒரு தூசியே அதைக் கெடுத்துவிடும்.

இந்த அறிகுறி எதுவும் இல்லையென்றால் பிரேக்கையும் டயரையும் சரிசெய்துவிட்டு ஓட்டுங்கள். கச்சான் காலத்தில் லோடோடு 10, 10.5 வந்தால் வண்டியை நான் குறை சொல்ல மாட்டேன். ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பிய பிறகு, அதே எடைக்கு, மறுபடி ஐந்து நடை அளந்து பாருங்கள். அப்போதும் போக வர 13க்கு வராவிட்டால் அந்த ரிட்டர்ன் சோதனையை எடுத்து, வரும் அளவுகளோடு எனக்கு எழுதுங்கள்.