உணவு என்று விற்ற கேப்சூலில் ஸ்டீராய்டு: யார் மீது வழக்கு?

கேள்வி: நாங்கள் புதுவண்ணாரப்பேட்டையில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறார். மூட்டுவலிக்காக எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் மூலிகை கேப்சூல் வாங்கி எட்டு மாதம் சாப்பிட்டார். மாதம் ஒரு டப்பா, 2,400 ரூபாய். ஒரே வாரத்தில் வலி பறந்துவிட்டது. பிறகு முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, ஒருநாள் மயங்கி விழுந்தார். ஸ்டான்லியில் சேர்த்தோம். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். ரசீது இல்லை, பணம் ஜிபேயில் அனுப்பியதுதான். இப்போது நிறுவனத்து ஆள் வந்து, "இது மருந்தே இல்லை, உணவு. மீதி டப்பாக்களைக் கொடுத்துவிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்கள், முழுப் பணமும் தருகிறோம்" என்கிறார். என்ன செய்வது? அந்த அக்கா மீது வழக்குப் போட அம்மாவுக்கு மனமில்லை.

பதில்: அந்த டப்பாக்களை யாரிடமும் கொடுக்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். 19,200 ரூபாயைத் திருப்பித் தர ஒரு நிறுவனம் வீடு தேடி வருகிறது என்றால், அதற்கு வேண்டியது டப்பாதான். திறக்காத டப்பா இருந்தால் அப்படியே வையுங்கள். பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, 14 இலக்க உணவு உரிம எண் எல்லாம் தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுங்கள். பணம் அனுப்பிய விவரம், "பக்க விளைவே கிடையாது" என்பது போன்ற வாட்ஸ்அப் செய்திகள் இருக்கும் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

அடுத்து அம்மாவின் உடம்பு. நான் வக்கீல்தான், டாக்டர் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு உள்ளே போனால், உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் கேப்சூலைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எதைக் கொடுப்பது, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும். காலை நேரக் கார்ட்டிசோல் பரிசோதனை செய்திருந்தால் அறிக்கையின் நகலை வாங்குங்கள். அளவு மிகக் குறைந்திருந்தால் அது உங்களுக்கு நல்ல சாட்சியம். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் கேப்சூலின் பெயரையும், எத்தனை மாதம் சாப்பிட்டார் என்பதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். "நாட்டு மருந்து சாப்பிட்டார்" என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

"மருந்து இல்லை, உணவு" என்ற வாதத்தைக் கேட்டு மிரள வேண்டாம். அது அவர்களை எந்தப் பக்கமும் காப்பாற்றாது. உணவு என்றே வைத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22வது பிரிவுப்படி, சத்துத் துணைப்பொருள் எதுவும் குறிப்பிட்ட நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கக் கூடாது. ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கக் கூடாது என்று அதற்கான விதிமுறைகளும் சொல்கின்றன. பாதுகாப்பற்ற உணவால் கொடுங்காயம் ஏற்பட்டால் 59வது பிரிவில் ஆறு ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இல்லை, மருந்துதான் என்றால் 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் விற்றிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, மூட்டுவாத நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வு விளம்பரச் சட்டமே தடுக்கிறது.

ஆகவே ஒரே புகாரை இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள்: சென்னை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கும், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும். ஒன்றுக்கு மட்டும் அனுப்பினால் "இது எங்கள் வேலை இல்லை, அங்கே போங்கள்" என்ற பதில் வர எல்லா வாய்ப்பும் உண்டு. இரண்டையும் ஸ்பீட் போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையுடன் அனுப்புங்கள்.

பரிசோதனைக்கு நீங்களே அனுப்பவும் வழி உண்டு. ஆனால் உணவுச் சட்டத்தின் 40வது பிரிவில், பரிசோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எந்த வாடிக்கையாளர் அப்படிச் சொல்லிவிட்டு வாங்குவார்? மருந்துச் சட்டத்தின் 26வது பிரிவில் அந்தத் தொல்லை இல்லை. கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். இருந்தாலும் திறந்த டப்பாவை "நீங்களே கலந்தீர்கள்" என்பார்கள். அதிகாரிகள் அதே பேட்சில் மாதிரி எடுப்பதுதான் வலுவானது.

காவல் நிலையத்துக்கு அலைய வேண்டாம். மருந்துச் சட்டத்தில் மருந்துத் தயாரிப்பு, விற்பனை பற்றிய 4வது அத்தியாயக் குற்றங்களுக்குக் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இழப்பீட்டுக்கு உரிய இடம் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. மருத்துவச் செலவு, அம்மா கடை போடாத நாட்களின் வருமானம், மன வேதனை எல்லாவற்றையும் கேட்கலாம். உணவுச் சட்டத்தின் 65வது பிரிவில் கொடுங்காயத்துக்கு 3 லட்சம் ரூபாய்தான் உச்சம். நுகர்வோர் ஆணையத்தில் அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். கேப்சூலை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே மனு போடலாம்.

இனி அந்த அக்கா. அவர் நேரடி விற்பனை நிறுவனத்தின் ஆள் என்றால், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் விற்றதற்கு நிறுவனமும் பொறுப்பு. முதல் எதிர்த்தரப்பு நிறுவனமே. ஆனால் தயாரிப்பாளர் யார் என்று தெரியாவிட்டாலோ, டப்பாவில் உள்ள முகவரிக்கு நோட்டீஸ் போய்ச் சேராவிட்டாலோ, நுகர்வோர் சட்டத்தின் 86வது பிரிவு விற்றவரையே பிடிக்கும். பக்க விளைவு இல்லை என்று அவர் தனியாக உறுதி கொடுத்திருந்தாலும் அப்படியே. இதை அவரிடம் நேரில், கோபமில்லாமல் சொல்லுங்கள். நிறுவனம் அவருக்கு அனுப்பிய பில்கள், விற்பனைக் கூட்டத்தில் சொல்லிக் கொடுத்த செய்திகள் ஆகியவற்றுடன் பிரமாணப் பத்திரம் தர அவர் முன்வந்தால், அவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அவரும் அந்த கேப்சூலைச் சாப்பிடுபவராக இருந்தால், அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பிரமாணப் பத்திரம் தர மறுத்தால் அவரை இரண்டாவது எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. அம்மாவிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.