பத்மினியா, மாருதி 800-ஆ?

கேள்வி: 1988 பிரீமியர் பத்மினி ஒன்றும், 1999 மாருதி 800 (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்ரேட்டர் உள்ளது) ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. விலை ஏறக்குறைய ஒன்றுதான். வாரம் இரண்டு நாள் ஊருக்குள், மாதம் ஒருமுறை நெடுஞ்சாலை. எதை வாங்கலாம்?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு 800 போதும், ஆனால் அடித்தளம் துரு இல்லாமல் இருந்தால் மட்டும். கால் வைக்கும் விரிப்பைத் தூக்கி, டிரைவர் காலடியிலும் ஜாக்கி வைக்கும் இடத்திலும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் வண்டியை விட்டுவிடுங்கள். 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜினைக் கழற்றிச் சரிசெய்துவிடலாம். மெல்லிய தகட்டுக்கு டிங்கரிங் செய்தால் அடுத்த மழையிலேயே பல்லைக் காட்டும். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள். டக் டக்கென்று சத்தம் வந்தால் முன்சக்கரத்துக்கு இன்ஜின் சக்தியைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், வாங்கியதும் முதல் வேலை அதுதான்.

பத்மினி 1960-களின் இத்தாலிய ஃபியட் 1100டி: 1,089 சி.சி., பின்சக்கர இயக்கம், பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். அதில் பார்க்க வேண்டியது முன்பக்கம். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உடன் வந்தவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சு முளை). கிங்பின்னுக்கு கிரீஸ் வைக்காமல் ஓட்டியதுதான் பெரும்பாலும் காரணம். நான்கு சக்கரத்திலும் சூடேறினால் பிடி குறையும் டிரம் பிரேக் என்பதால், மலை இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும்.

எதை வாங்கினாலும் பெட்ரோல் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வையும் (டயாஃப்ரம்) மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் இன்றைய எத்தனால் பெட்ரோலில் ஊறி விரிசல் விடும். ஆர்.சி. (பதிவுச் சான்று) காலாவதி தேதியையும் பாருங்கள்; 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கேள்வி: என் பத்மினி மதிய வெயிலில் நெரிசலில் நின்றால் அணைந்துவிடுகிறது. ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது. கார்ப்ரேட்டரை மாற்றவா?
- வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. சூட்டில் உள்ளே பெட்ரோல் ஆவியாகி, கார்ப்ரேட்டருக்குப் போவது தடைபடுகிறது. நின்ற இடத்தில் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். கிளம்பிவிட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். பம்புக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே சூடு தடுக்கும் தடித்த துண்டு இருக்கிறதா பாருங்கள். பம்ப் மாற்றும்போது சிலர் வெறும் காகித கேஸ்கட்டோடு பொருத்திவிடுகிறார்கள். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட் பக்கம் உரசிப் போனால் தள்ளிக் கட்டுங்கள்.