செகண்ட் ஹேண்ட் காருக்கும் ரீகால் ரிப்பேர் இலவசம்தான்

கேள்வி: மூன்று மாதம் முன்பு செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்ரோல் கார் வாங்கினோம். ஐந்து வருடப் பழசு. பெட்ரோல் குழாயில் கசிவு வந்து தீப்பிடிக்கலாம் என்று கம்பெனி அந்த மாடலை ரீகால் செய்திருப்பது, அதாவது சரிசெய்துகொடுக்கத் திரும்ப அழைத்திருப்பது, இப்போதுதான் தெரிந்தது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "முதல் ஓனருக்குத்தான் இலவசம், வாரண்டியும் முடிந்துவிட்டது" என்கிறார்கள். செலவு எங்கள் தலையில்தானா? கார் வீட்டு போர்டிகோவில் நிற்கிறது. - வாசகி, ஈரோடு

பதில்: பணம் கட்டாதீர்கள். ஆனால் அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. இன்று ராத்திரியே காரை போர்டிகோவிலிருந்து வெளியே எடுத்து, வீட்டுச் சுவரையும் மற்ற வண்டிகளையும் விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கிவிடும். அடைசலான இடத்தில் சுவிட்சிலிருந்து வரும் ஒரு பொறி போதும். வாடை ஏற்கெனவே வருகிறதென்றால் காரை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். கையால் தள்ளி வெளியே விட்டு, டோயிங் வண்டி அனுப்பச் சொல்லுங்கள்.

வேலூரில் 2022 மார்ச்சில், வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். வண்டி ஓடும்போதுதான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். நின்றிருக்கும் வண்டியும் எரியும், அதுவும் எல்லோரும் தூங்கும் நேரத்தில். மின் வண்டிக்கு ரீகால் வந்திருந்தால், சரிசெய்து வாங்கும்வரை இரவில் வீட்டுக்குள் சார்ஜ் போடவே கூடாது.

சரி, இலவசம் பற்றி. வாரண்டி வேறு, ரீகால் வேறு. வாரண்டி இத்தனை வருடம், இத்தனை கிலோமீட்டர் என்று கம்பெனி கொடுக்கும் வாக்கு. ரீகால், தயாரிப்பிலேயே நேர்ந்த தவறைக் கம்பெனி திருத்திக் கொடுப்பது. அது சேசிஸ் நம்பரோடு, அதாவது அந்த ஒரு வண்டிக்கே உரிய அடையாள எண்ணோடு, போகிறது. ஓனர் எத்தனையாவது ஆள் என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா, எஞ்சின் பகுதி வயரிங் உரசி அறுபடும் வாய்ப்பைச் சோதிக்க 1,08,306 எக்ஸ்.யு.வி.700 கார்களை அழைத்தது. அங்கேயும் கணக்கு சேசிஸ் நம்பர்தான்.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. 2021 ஏப்ரலிலிருந்து இதற்கான விதிகள் நடப்பில் இருக்கின்றன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். ஆனால் நம் ஊரில் பெரும்பாலான ரீகால் கம்பெனி தானாக அறிவிப்பதுதான். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஆர்.சி.யில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஒரே மாடலில் எல்லா வண்டியும் பட்டியலில் இருக்காது, குறிப்பிட்ட மாதங்களில் தயாரானவை மட்டும் இருக்கும். உங்கள் நம்பர் இருந்தால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சர்வீஸ் சென்டருக்கு அல்ல, கம்பெனியின் தலைமை வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் அனுப்புங்கள். கவுண்டரில் வாயால் சொன்ன மறுப்பு எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் மாறிவிடும். கடிதம் பழைய ஓனரின் முகவரிக்குப் போயிருக்கும். உங்கள் போன் நம்பரையும் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

பாகமும் கூலியும் இலவசம். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் எல்லாம் அதில் சேராது. "அப்படியே ஜெனரல் சர்வீஸும் போட்டுவிடலாம்" என்பார்கள். வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஜாப் கார்டில் ரீகால் வேலை என்று எழுதியிருக்கிறதா, தொகை பூஜ்யமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வண்டியை விற்கும்போதும் அந்தத் தாள் உதவும்.

வெளியில் ஒயரை வெட்டி ஒட்டி ஹார்ன், லைட் ஏதாவது போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முந்தைய ஓனர் போட்டிருக்கலாம். அதனால் வரும் தீ ரீகாலில் வராது, கம்பெனி அதையே சாக்காகவும் காட்டும். முதலில் கழற்றிவிடுங்கள்.

மெயிலுக்குப் பத்து நாளில் பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம். அதுவரை கார் தெருவோரம், திறந்த வெளியிலேயே நிற்கட்டும்.